சடங்கும் சம்மதமும் சர்க்கார் ஏடும்

1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மால்கம் சர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். பார்வைக்குச் சின்ன வழக்குதான். தென்னாப்பிரிக்காவில் குடியிருந்த ஹசன் ஈசப், இந்தியாவில் பாய் மரியம் என்ற பெண்ணை நிக்காஹ் செய்திருந்தார். அவருக்கு வேறு மனைவி கிடையாது. ஆனால் மனைவி கப்பலில் வந்து சேர்ந்தபோது குடிவரவு அதிகாரிகள் அனுமதி மறுத்தார்கள். கணவர் நீதிமன்றம் போனார். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அனுமதிக்கும் மதத்தின்படி நடந்த மணத்தை இந்த நாட்டின் சட்டம் மணமாக ஏற்காது, ஆகவே பாய் மரியம் சட்டப்படி மனைவி அல்ல என்று சர்ல் முடிவு சொன்னார்.

அந்த மனிதர் எத்தனை பேரை மணந்தார் என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. அவருடைய மதம் எத்தனை பேரை மணக்க இடம் கொடுக்கிறது என்பதுதான் அளவுகோலாயிற்று. அந்த அளவுகோலைப் பிடித்தால் இந்துக்களும் தப்ப முடியாது. தாலி கட்டி, பிள்ளை பெற்று, இருபது முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய பெண்களெல்லாம் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டிகள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள். கிறித்தவ முறையில் நடந்த மணமும் அதிகாரி முன்னிலையில் பதிவான மணமும் மட்டுமே தேறின.

தீர்ப்புக்குப் பின்னால் இருந்த சிந்தனை சர்ல் கண்டுபிடித்ததல்ல. 1866-ல் இங்கிலாந்தில் ஜான் ஹைட் என்பவர் மணமுறிவு கேட்டு வந்தார். 1853-ல் சால்ட் லேக் நகரில் மார்மன் முறைப்படி அவருக்குக் கல்யாணம் நடந்திருந்தது. அவருக்கு இருந்ததும் ஒரே மனைவிதான். பிறகு அவர் அந்தச் சபையை விட்டு வெளியேறிவிட்டார். பலதாரம் அனுமதிக்கப்பட்ட சூழலில் நடந்த மணம் கிறித்தவ உலகம் புரிந்துகொண்ட மணமே அல்ல என்று சொல்லி லார்டு பென்சான்ஸ் அந்த மனுவைத் தள்ளினார். கிறித்தவ உலகம் என்ற அளவுகோல் அன்றிலிருந்து பேரரசின் நீதிமன்றங்களில் வலுவாக ஊன்றிக்கொண்டது. ஒரு மதத்தின் மண வடிவம் மணத்தின் இலக்கணமாகவே ஆயிற்று.

இதே பேரரசின் இன்னொரு நீதிமன்றத்தில், சர்லின் தீர்ப்புக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பம்பாயில் ருக்மாபாய்க்குப் பதினோரு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். அவர் கணவன் வீட்டுக்குப் போகவில்லை. பிறந்த வீட்டிலேயே வளர்ந்து படித்தார். 1884-ல் கணவர் தாதாஜி பிகாஜி, மனைவியைத் தன்னோடு சேர்த்துவைக்கக் கோரி வழக்குப் போட்டார். விவரம் தெரியாத வயதில் செய்துவைத்த கல்யாணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ருக்மாபாய் மறுத்து நின்றார். 1885-ல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவனோடு போய் வாழ வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதச் சிறை என்று உத்தரவிட்டார். சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் 1888-ல் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கணவர் ஒதுங்கினார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, பல்லாண்டுகள் மருத்துவராகப் பணியாற்றினார்.

பம்பாயில் ஒரு பெண்ணின் சம்மதம் இல்லை. சடங்கு மட்டும் இருந்தது. மணம் செல்லும் என்றது சட்டம். கேப்பில் சடங்கும் இருந்தது, கணவனைத் தேடிக் கடல் கடந்து வந்த பெண்ணின் சம்மதமும் இருந்தது. மணம் செல்லாது என்றது சட்டம். இரண்டு இடத்திலும் பேரரசின் பெயரால் இறுதித் தீர்ப்பு வழங்கியவர்கள், எதிரே நிற்கும் பெண்ணிடம் அவள் மனத்தைக் கேட்பது தங்கள் வேலை என்று நினைக்கவில்லை. ஒரு மணத்தை மணமாக்குவது எது? கடவுளா, சடங்கா, இருவரின் வாய்ச்சொல்லா, பெற்றோரின் சம்மதமா, அரசாங்கத்தின் முத்திரையா? காலனிகளில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை தத்துவ விடையாக இருக்கவில்லை. எவரை உள்ளே விடுவது, எவரை வீட்டுக்குள் அடக்குவது என்ற நிர்வாகத் தேவைக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருந்தது.

மதங்கள் இந்தக் கேள்வியோடு நீண்ட காலமாகப் போராடியிருக்கின்றன. இடைக்காலக் கத்தோலிக்கத் திருச்சபையின் பார்வையில், ஆணும் பெண்ணும் மனமொப்பிச் சொல்லும் சொல்லே மணத்தை உண்டாக்கியது. குருவானவர் இல்லாமல், சாட்சி இல்லாமல், தோட்டத்தில் நின்று சொன்னாலும் அது செல்லும். பிறகு என்ன நடந்திருக்கும் என்று எவரும் ஊகிக்கலாம். ரகசியமாகச் சொன்னவன் ஊரறிய வேறொருத்தியை மணந்தான். முதல் பெண்ணுக்குச் சாட்சி இல்லை. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம், பங்குக் குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்று விதித்தது. தொல்காப்பியர் மணச் சடங்கு வந்த கதையைச் சொல்வதும் ஏறக்குறைய இதே காரணத்தோடுதான். களவில் கூடியவர்களிடையே பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே பெரியோர் கரணத்தை வகுத்தார்கள் என்கிறார் அவர். ஒன்றை ஒன்று அறியாத இரண்டு மரபுகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: அன்பு முன்னால் வருகிறது, ஏமாற்றப்படுகிறவருக்குக் காவலாகச் சாட்சி பின்னால் வருகிறது.

இந்த வரிசையை மாற்றாமல் சட்டமாக்கிப் பார்த்த காலனி ஒன்றும் உண்டு. வில்லியம் பென் நிறுவிய பென்சில்வேனியாவில் குவேக்கர்கள் தங்கள் மணத்துக்குப் பாதிரியாரை வைத்துக்கொள்ளவில்லை. இறைவன்தான் இணைக்கிறார், மனிதர்கள் பார்த்து நிற்கிறவர்கள் மட்டுமே என்பது அவர்கள் நம்பிக்கை. மணமக்கள் சபை நடுவே எழுந்து ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வார்கள். கூடியிருந்தவர்கள் சான்றிதழில் கையெழுத்திடுவார்கள். அந்தக் காலனியின் 1701-ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு சாட்சிகளாவது கையெழுத்திட வேண்டும் என்றது. பெற்றோரைக் கலந்துகொள்ளவும், மண எண்ணத்தை முன்கூட்டியே ஊரறிய ஒட்டிவைக்கவும் சொன்னது. அங்கே சான்றிதழ் மணத்தைப் பார்த்த கண்களின் பட்டியல். மணத்தை உண்டாக்கும் ஆணை அல்ல. ஆனால் அதே காலனி 1726-ல் வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைத் தடைசெய்தது. இறைவன் இணைத்ததைப் பார்த்து நிற்போம் என்றவர்களின் ஊரிலும், எவரை இணைக்க இறைவனுக்கு உரிமை உண்டு என்று சட்டம் கோடு போட்டுவிட்டது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் ட்ரூரோ டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1911 வரை நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். பெண்கள் குறைவு. ஊரும் உறவும் சாதிசனமும் கூடி நின்று சாட்சி சொல்லும் கல்யாணத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. எனவே கூலிகளின் மணத்தைப் பதிவு செய்யக் காலனி அரசு ஓர் ஏட்டைத் திறந்தது. குடியேறியவர்களின் காப்பாளர் என்ற அதிகாரியின் அலுவலகத்தில் அது இருந்தது. கோயிலில் தாலி கட்டியவர்கள் அங்கே போய்ப் பெயர் எழுதிக்கொண்டால்தான் சட்டம் அவர்களைத் தம்பதியாகக் கண்டது. பலர் போகவில்லை. தெய்வத்தின் முன் முடிந்த காரியத்துக்குத் துரை எழுதித் தர என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

இன்னோர் ஏட்டில் மட்டும் பெண்ணின் பெயர் தவறாமல் ஏறியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் தலைக்கு மூன்று பவுன் ஆண்டு வரி போட்டது. பின்னர் பதினாறு வயதான பையன்களும் பதின்மூன்று வயதான பெண்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு பவுன். மனைவியென்று அவளை ஒப்ப மறுத்த அரசு, வரி கட்டும் தனி ஆளாக அவளைத் தடையின்றி அடையாளம் கண்டது. 1913-ல் இந்த இரண்டு காயமும் ஒன்றாகச் சேர்ந்தன.

அதுவரை பெண்களைச் சிறைப் போராட்டத்துக்கு அழைக்கத் தயங்கிய காந்தி, சர்ல் தீர்ப்புக்குப் பிறகு அழைத்தார். செப்டம்பரில் கஸ்தூர்பா உள்ளிட்ட ஃபீனிக்ஸ் ஆசிரமக் குழு சிறை புகுந்தது. காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையில் முன்பு வாழ்ந்து, இப்போது புறப்பட்ட பதினோரு பெண்களில் ஏறக்குறைய எல்லாருமே தமிழ்ப் பெண்கள்; சத்தியாகிரகி தம்பி நாயுடுவின் மனைவி அவர்களில் ஒருவர். சிலர் கைக்குழந்தையோடு போனார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, அங்கிருந்த தொழிலாளிகளிடம் மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. பெண்களுக்கு மூன்று மாதச் சிறை. நவம்பர் 6-ல் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். ஜோகனஸ்பர்க்கில் வளர்ந்த, தில்லையாடி வழிவந்த வள்ளியம்மைக்கு அப்போது பதினாறு வயது நிரம்பவில்லை. கல்யாணம் ஆகாத பெண். மணத்தின் மானத்துக்காகவும் எழுந்த அந்தப் போரில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் இறந்துபோனாள்.

வந்த பலன் 1914-ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம். மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்திய மதங்களின் குருமார்களை மணம் செய்துவைக்கும் அதிகாரிகளாக நியமிக்கலாம் என்றாயிற்று. ஏற்கெனவே தங்கள் மத முறைப்படி மணந்து, ஒருவனும் ஒருத்தியுமாக வாழும் தம்பதிகள் பதிவு செய்துகொண்டால், அவர்கள் மணம் தொடக்க நாளிலிருந்தே செல்லும். இந்தக் கடைசி ஏற்பாட்டில் ஆழமான ஓர் ஒப்புதல் இருக்கிறது. பதிவான நாளில் மணம் பிறந்தது என்று சட்டம் சொல்லவில்லை. தாலி ஏறிய நாளில் பிறந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன் என்றது. சிறை சென்ற பெண்கள் அரசிடம் கேட்டது இதைத்தான்.

ஆனாலும் சமரசத்தின் விலையை மறைக்கக் கூடாது. ஒருவனுக்கு இரண்டு மனைவியர் என்றால் அந்தப் பெண்கள் இந்தச் சட்டத்தின் கூரைக்கு வெளியிலேயே நின்றார்கள். பலதார மணம் பெண்ணுக்கு அநீதி என்று சொல்வதற்கு நல்ல காரணங்கள் உண்டு. அந்த அநீதிக்குத் தண்டனையாக ஆணின் உரிமைகளைத் தொடாமல், ஏற்கெனவே துன்பப்பட்ட பெண்ணிடமிருந்து மனைவி என்ற பெயரையும் பறிப்பது நீதியாகாது. பதிவு செய்யாமல் விட்டவர்களின் நிலையும் அப்படித்தான். 1917-ல் சீதாத் என்பவரின் சொத்து வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், இந்தியாவில் முறையாக நடந்த முஸ்லிம் மணம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் முன் மணமாகாது என்று உறுதிப்படுத்தியது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி தலைகீழாக வந்து நின்றது. சடங்கே சாதியைத் தாங்கும் தூணாகிவிட்டது என்று கண்ட சுயமரியாதை இயக்கத்தார், 1920-களின் இறுதியிலிருந்து புரோகிதரும் அக்கினியும் இல்லாமல், மாலை மாற்றி உறுதிமொழி சொல்லி மணந்தார்கள். கூட்டம் இருந்தது, சாட்சி இருந்தது, முழு மனத்தோடு சொன்ன சம்மதம் இருந்தது. ஆனால் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மணம் ஒன்றைச் செல்லாது என்றது. சாத்திரச் சடங்கோ நிலைத்த வழக்கமோ அதில் இல்லையாம். பம்பாயில் சம்மதமில்லாச் சடங்கு போதுமானதாக இருந்தது. சென்னையில் சடங்கில்லாச் சம்மதம் போதவில்லை. அண்ணா ஆட்சியில் 1967-ல் கொண்டுவந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லத்தக்கதாக்கியது. சிறை சென்ற தமிழ்ப் பெண்கள் தங்கள் சடங்குக்கு மதிப்புக் கேட்டார்கள். சுயமரியாதைத் தம்பதிகள் சடங்கைத் துறக்கும் உரிமை கேட்டார்கள். இரண்டும் எதிரெதிராகத் தோன்றலாம். எங்கள் மணத்தை நாங்கள் செய்துகொள்கிறோம், அதற்குச் சாட்சியாக இரு என்று அரசைப் பார்த்துச் சொன்னதில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் வழக்கு இன்னும் ஓயவில்லை. இந்து முறைப்படி மட்டும் மணந்து, பதிவு செய்யாத ஒரு பெண்ணின் கணவர் உயில் எழுதாமல் இறந்தபோது, 2008-ல் டர்பன் உயர் நீதிமன்றம் வாரிசுரிமைச் சட்டத்தில் அவரும் வாழ்க்கைத் துணையே என்று தீர்ப்பளித்தது. 2022 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம், முஸ்லிம் மணங்களை ஒப்புக்கொள்ளாமல் அந்தப் பெண்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பின்றி விட்டது அரசியலமைப்புக்கு முரண் என்றது. அதையொட்டி 2024-ல் மணமுறிவுச் சட்டம் திருத்தப்பட்டு, முறியும் முஸ்லிம் மணத்தில் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பங்கைக் கேட்க வழி பிறந்தது. மண வாழ்வின் முடிவில் கிடைத்த காவல் இது. தொடக்கத்திலேயே, எந்த மதத்தில் மணந்தாலும் ஒரே சட்டத்தின் கீழ் ஏற்று, இருவரின் சம்மதத்தையும் பதினெட்டு வயதையும் விலக்கின்றிக் கட்டாயமாக்கும் மசோதா, சர்லின் தீர்ப்புக்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, 2023-ல்தான் அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தது.