மணி ஒலிப்பதற்கு முன்

களுவாஞ்சிக்குடிச் சந்தியில் காலை ஏழரை மணிக்குச் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு நமது சமுதாயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் ஒன்று கிடைக்கும். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பொத்துவில், கல்முனை வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 நெடுஞ்சாலை இங்கே ஊரின் நடுவால் செல்கிறது. அவ்வழியே பஸ்களும் லொறிகளும் விரைகின்றன. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரையிலிருந்து உழவு இயந்திரங்களும், மரக்கறி கட்டிய சைக்கிள்களும் வருகின்றன. பிள்ளைகள் பாடசாலைக்கும், முதியவர்கள் ஆதார வைத்தியசாலைக்கும் நடந்து போகின்றனர். செல்வனுக்கும் வறியவனுக்கும் வீடுகள் வேறு, வயல்கள் வேறு, சில வேளைகளில் சுடலைகள் கூட வேறு. தெரு மட்டும் ஒன்று.

அந்தச் சந்தியில்தான் சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கடையொன்றில் வேலை செய்கிறான். வீடுகளுக்குச் சாமான் கொண்டு சென்று கொடுப்பதற்கு அவனுக்கு மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. முறைப்படி விண்ணப்பித்து, படித்து, பரீட்சை எழுதும்படி நான் கூறியபோது அவன் சிரித்தான்.

“சேர், எனக்கு ஓடத் தெரியாமலா? பதினாலு வயசிலயிருந்து ஓடுறன். கடதாசி மட்டுந்தான் இல்ல. காசு குடுத்தா அந்தக் கடதாசிய எடுத்துத் தர ஆள் இருக்கு. இதில யாருக்கு என்ன நட்டம்?”

இக்கேள்வியை நீதிபோதனையால் தட்டிக்கழித்துவிடுதல் எளிது. ஆனால், கேட்டவன் சோம்பேறியுமல்லன், கயவனுமல்லன். அவன் பக்கத்து நியாயத்தை முழுமையாக எடுத்துரைக்காமல் அவனுக்குப் பதில் கூறுதல் நேர்மையாகாது.

நமது நாட்டில் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவதற்கான நடைமுறையின் அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பதினெட்டு வயது நிறைந்தவன் பிறப்புச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு முதலில் வைத்தியச் சான்றிதழ் பெற வேண்டும். பின் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து எழுத்துப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். அதில் சித்தியடைந்தால் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். சில மாதங்கள் பழகிய பின்னர் செய்முறைப் பரீட்சை. தவறினால் மீண்டும் அதே வரிசை. மாதச் சம்பளக்காரனுக்கு இவை விடுமுறை நாட்கள். நாட்கூலிக்காரனுக்கோ இவை உலை கொதிக்காத நாட்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பஸ் செலவு, கட்டணம், பயிற்சிப் பாடசாலைக்குக் கொடுக்கும் பணம், இழந்த கூலி ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் ஏழை இளைஞனுக்கு, சட்டத்தின்படி நடப்பவனே நட்டமடைகிறான் என்ற முடிவு தோன்றுவதில் வியப்பில்லை.

எனினும் “யாருக்கு என்ன நட்டம்?” என்ற அவனது கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை காண்பதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தெருவில் வண்டி செலுத்துவது பற்றித் தமிழர் அறிந்த முதற் பெருங்கதை மனுநீதிச் சோழனின் கதை. இளவரசனின் தேர்க்காலில் கன்றொன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இதையொத்த கதையைப் பாளி மொழியிலுள்ள மகாவம்சம் அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் மீது ஏற்றிக் கூறுகிறது. தமிழ்ப் புராணமும் பௌத்த வரலாற்று நூலும் ஒருங்கே போற்றும் நீதி அது. ஆயினும் நூற்றாண்டுகளாக இக்கதையைக் கேட்டு மெய்சிலிர்த்த நாம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சனம் நடமாடும் வீதியில் தேரைச் செலுத்த அந்த இளைஞனுக்கு அனுமதி வழங்கியவர் யார்? தேரை நிறுத்தும் வித்தையை அவன் கற்றிருந்தானா என்று எவரேனும் சோதித்தனரா? அவன் அரசகுமாரன், அதுவே அவனது தகுதியாயிருந்தது. பிறப்பே அனுமதிப்பத்திரமாயிருந்த சமுதாயத்தில் நீதி என்பது கன்று இறந்த பின்னரே விழித்துக்கொண்டது. அரசன் எவ்வளவு கடுமையாகத் தண்டித்த போதிலும் தண்டனையால் மட்டும் இறந்த கன்று மீள்வதில்லை.

மணி ஒலித்த பின் வழங்கப்படும் நீதி ஒன்று; மணி ஒலிக்க வேண்டிய தேவை எழாதபடி முன்கூட்டியே செய்யப்படும் நீதி இன்னொன்று. சாரதிப் பரீட்சை இந்த இரண்டாவது வகை நீதியைச் சார்ந்தது. அதில் வீரமில்லை, கண்ணீரில்லை, காவியமில்லை. வரிசையும் விண்ணப்பப் படிவமும்தான் உண்டு. அதனாலேயே அதன் பெருமையை நாம் உணர்வதில்லை.

இந்த நீதியும் ஒரே நாளில் பிறந்ததன்று. 1888ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் தமது புதிய மோட்டார் வண்டியைத் தெருவில் ஓட்டியபோது, அதன் ஓசையையும் நாற்றத்தையும் பற்றி நகர மக்கள் முறையிட்டனர். ஆகவே அவர் அரசாங்க அதிகாரிகளிடமிருந்து எழுத்து மூலமான அனுமதி பெற நேர்ந்தது. வண்டியைக் கண்டுபிடித்த மனிதனுக்கே அதைச் செலுத்த அயலவரின் பொருட்டு அனுமதி தேவைப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்தது. ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். பரீட்சை எதுவும் கிடையாது. பணம் கட்டியவன் சாரதி. இதன் விலையை யார் செலுத்தினர்? 1934ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுத் தெருக்களில் 7,343 பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1935 ஜூன் முதலாம் திகதி தொடக்கம், புதிய சாரதிகளுக்குப் பரீட்சை கட்டாயமாயிற்று. பற்றுச்சீட்டாக இருந்த கடதாசி தகுதிச் சான்றாக மாறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. எண்ணற்ற உயிர்களும் சென்றன.

தரகனிடம் காசு கொடுத்து அனுமதிப்பத்திரம் எடுப்பவன் தன்னை அறியாமலே நம்மை 1903ஆம் ஆண்டுக்குத் திருப்பி அனுப்புகிறான். பணமே தகுதி என்ற பழைய நியாயத்தை அவன் மீண்டும் அரங்கேற்றுகிறான். அரசகுமாரனுக்குப் பிறப்பு எதுவோ, காசு கொடுப்பவனுக்குக் காசு அது.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஓர் உண்மையைக் கூறிவிடுவது கடமையென எண்ணுகிறேன். இல்லையேல் இக்கட்டுரை பிறர்க்கு மட்டும் உபதேசமாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பெற்ற முதல் அனுமதிப்பத்திரமும் நேர்வழியில் வந்ததன்று. தெரிந்தவர் ஒருவர் மூலம் காரியம் நடந்தது. மைதானத்தில் ஒருமுறை வட்டமிட்டேன்; அவ்வளவுதான். ஆசிரியனாகிய எனக்கு அன்று அது குற்றமாகத் தோன்றவில்லை. நேரத்தை மீதப்படுத்தியதாகவே தோன்றிற்று.

ஓராண்டுக்குள் ஓர் இரவு, வாவிக்கரையோரமாக வந்துகொண்டிருந்தேன். முன்னால் விளக்கில்லாத சைக்கிளில் வலையைக் கட்டியபடி ஒரு முதியவர் சென்றார். அவரைக் கண்டதும் பிறேக்கை அழுத்தினேன். மணலில் வண்டி சறுக்கியது. அவரும் விழுந்தார், நானும் விழுந்தேன். பெரிய காயம் இல்லை. ஆனால் அவர் எழுந்து, வலையைத் தூக்கிக்கொண்டு, என்னை அடையாளம் கண்டதும் கூறியது இன்றும் என்னை உறுத்துகிறது: “நீங்க போங்க சேர். லைற் இல்லாம வந்தது என்ட பிழைதான்.”

பிழை இழைத்தவனிடம் பாதிக்கப்பட்டவர் மன்னிப்புக் கேட்டார். நான் சேர், அவர் தோணிக்காரர். அவரிடம் விளக்கு இருக்கவில்லை என்பது உண்மை. என்னிடம் இருக்க வேண்டிய அறிவு இருக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. விளக்கின் ஒளி எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே இரவில் செல்ல வேண்டும் என்பதை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. நானும் கற்க முயலவில்லை. அந்த அறிவுக்குப் பதிலாகத்தான் நான் காசு கொடுத்திருந்தேன்.

ஆகவே, “யாருக்கு என்ன நட்டம்?” என்ற கேள்விக்கு விடை இதுதான். நட்டம் அரசாங்கத்துக்கு அன்று. தரகனும் உத்தியோகத்தரும் இலாபமடைகின்றனர். வாங்குபவனும் சில நாட்களை மீதப்படுத்துகிறான். அந்த வியாபாரம் நடக்கும் இடத்தில் இல்லாத ஒருவர், தம்மைப் பற்றிய பேரம் நடக்கிறதென்றே அறியாத ஒருவர், அதன் விலையைச் செலுத்துகிறார். அவர் நடந்து செல்பவர், சைக்கிளில் செல்பவர், பாடசாலைப் பிள்ளை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் தெருவிபத்துகளில் இறக்கின்றனர். இவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருமாவர். உலக வாகனங்களில் ஏறத்தாழ 60 சதவீதமே உள்ள வறிய, நடுத்தர வருமான நாடுகளில் 92 சதவீத மரணங்கள் நிகழ்கின்றன. தெருவில் சிந்தும் இரத்தத்திலும் வர்க்கம் இருக்கிறது. என் மாணவன் அரசை ஏமாற்றுவதாக எண்ணிச் செய்யப்போகும் காரியம், அவனது சொந்த வர்க்கத்து மனிதர் மீதே சென்று விழும்.

“எனக்கு ஓடத் தெரியும்” என்று அவன் கூறியதையும் ஆராய வேண்டும். வண்டியை முன்னே செலுத்துவது ஒரு பழக்கம், பழக்கம் அறிவாகாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு கை பிறேக்கைத் தேடுவதற்குள் அத்தூரம் போய்விடும். வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்த பின் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். இது எந்த அதிகாரியும் இயற்றிய விதியன்று, இயற்கையின் விதி. இதற்கு இலஞ்சம் கொடுக்க இயலாது. சுதந்திரம் என்பது அவசியத்தை அறிந்துகொள்வதே என்ற கருத்தை ஹெகலிடமிருந்து எடுத்து எங்கெல்ஸ் விளக்கினார். இளைஞன் ஒருவன் காற்றைக் கிழித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்கும்போது தான் சுதந்திரமாயிருப்பதாக எண்ணுகிறான். நிறுத்தும் தூரத்தை அறியாத வரையில் அவன் வேகத்தின் கைதி. அதை அறிந்து வேகத்தைக் குறைப்பவனே தன் வண்டிக்கு எசமானன்.

பயிலுநரின் வண்டியில் கட்டப்படும் சிவப்பு ‘எல்’ எழுத்தைப் பலர் அவமானமாகக் கருதி மறைக்க முற்படுகின்றனர். எனக்கோ அது நாகரிகத்தின் உயர்ந்த அடையாளங்களில் ஒன்றாகத் தோன்றுகிறது. “எனக்கு இன்னும் முழுமையாகத் தெரியாது, கற்றுக்கொண்டிருக்கிறேன், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு மனிதன் ஊரறியக் கூறும் இடம் வேறெங்கே இருக்கிறது? ஆசிரியர்களாகிய நாமும் அரசியல்வாதிகளும் சில காலம் அந்த எழுத்தை அணிந்து நடந்தால் நாட்டுக்கு நன்மையே விளையும்.

ஆனால், கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. தகுதியைக் கோரும் சமுதாயம் அத்தகுதியை அடையும் வழியையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். ஒருவனுக்குக் கற்க வழி செய்யாமல், கற்கவில்லை என்று தண்டிப்பது நீதியாகாது. சவூதி அரேபியாவில் 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை பெண்களுக்கு வாகனம் செலுத்தும் உரிமையே இருக்கவில்லை. நமது நாட்டுச் சட்டத்தில் அத்தகைய தடை இல்லை. எனினும், வாவியைக் கடந்து வர வேண்டிய படுவான்கரைப் பெண்ணுக்கு, எழுத்து வாசனை குறைந்த கூலித் தொழிலாளிக்கு, ஒருநாள் வேலையை விட்டால் ஒருநாள் பட்டினி கிடப்பவனுக்கு, திறந்திருக்கும் கதவும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. தரகன் பிறப்பது அந்தத் தூரத்தில்தான். தரகனைத் திட்டுவதால் மட்டும் அவன் ஒழியமாட்டான். தூரம் குறைந்தால் ஒழிவான்.

அதற்கு நாம் செய்யக்கூடியவை உண்டு. எழுத்துப் பரீட்சை தமிழிலும் நடைபெறுகிறது. வீதி விதிகளையும் நிறுத்தும் தூரத்தின் பௌதிகத்தையும் விளக்கிச் சொல்ல எந்தப் பாடசாலை ஆசிரியராலும் முடியும். க.பொ.த. சாதாரண தரம் முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் போதும். வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்கு மாணவனே வாசித்துக் காட்டலாம். கிராமங்களுக்கு அருகில் நடமாடும் சேவைகள் நடத்தும்படி நமது சங்கங்கள் கோரலாம். கட்டணத்தைப் பகிரங்கமாக எழுதித் தொங்கவிடும்படி கேட்கலாம். அதற்கு மேல் கேட்பவனுக்குக் கொடுக்க மறுக்கலாம். ஒருவன் மறுத்தால் அவன் அலைக்கழிக்கப்படுவான். நூறு பேர் மறுத்தால் வழக்கம் மாறும்.

என் மாணவனிடம் இவற்றையெல்லாம் நான் கூறினேன். வலை சுமந்த முதியவரைப் பற்றியும் கூறினேன். அவன் நெடுநேரம் பேசாமல் நின்றான். பின்பு, “அப்ப சேர், நீங்க படிப்பிச்சுத் தாறீங்களா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஞாயிறு மாலைகளில் அவனும் அவனது நண்பர்கள் சிலரும் இப்போது என் வீட்டு விறாந்தையில் வந்து அமர்கின்றனர். செய்முறைப் பரீட்சையில் அவன் முதல்முறை தவறிவிட்டான். ஒருநாட் சம்பளமும் போயிற்று. மறுபடியும் போகப்போகிறான். அந்த இழப்பை எண்ணி நான் வருந்துகிறேன். ஆயினும், படுவான்கரைத் தெருவில் நாளை இரவு விளக்கில்லாமல் சைக்கிளில் வரப்போகும், அவன் முகமறியாத ஒருவருக்காக அவன் அந்தச் சம்பளத்தை இழந்திருக்கிறான்.

ஆராய்ச்சி மணியை அடிக்கப் பசுவுக்கு ஒரு கயிறாவது இருந்தது. நமது தெருக்களில் நடப்பவர்க்கு அதுவும் இல்லை. மணி ஒலிப்பதற்கு முன்னரே செய்யப்படும் நீதி ஒன்றுதான் அவர்களுக்குப் பயன்படும். அந்த நீதியைச் செய்ய அரசன் வேண்டியதில்லை. தெருவில் இறங்கும் நாம் ஒவ்வொருவரும் போதும்.