முளைகளைச் சுமந்தவர்கள்

யாத்திராகமத்தை வாசிக்க உட்காருகிறவர்களில் பலர் 25-ஆம் அதிகாரத்தில் களைத்துவிடுவார்கள். அதுவரை செங்கடல் பிளக்கிறது, மன்னா பொழிகிறது, சீனாய் மலை புகைகிறது. அதன்பின் பக்கம் பக்கமாக முழக்கணக்கு. பலகை இத்தனை, பாதம் இத்தனை, கொக்கி இத்தனை, திரையின் நீளம் இத்தனை. எங்கள் வீட்டு ஜெபத்தில் அந்தப் பகுதி வரும் இரவுகளில், அப்பா எப்போது புத்தகத்தை மூடுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா ஒரு கணக்கையும் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். மாதக் கடைசியில் மளிகைச் சிட்டையைப் பார்க்கும்போது இருக்கும் அதே முகம்.

அந்த முழக்கணக்கு கூடாரமாக எழுந்து நிற்பதைப் பார்க்கும் வாய்ப்பு, சில ஆண்டுகளுக்கு முன் புனித பூமி யாத்திரை போனபோது கிடைத்தது. நான், மனைவி, மகள், அம்மா என்று நாலு பேர். எகிப்திலிருந்து தாபா எல்லையைக் கடந்து இஸ்ரேலுக்குள் நுழைந்தோம். எய்லாத் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் திம்னா பள்ளத்தாக்கு. செந்நிறப் பாறைகள் சூழ்ந்த வெட்டவெளி. அங்கேதான் ஆசரிப்புக் கூடாரத்தின் முழு அளவு மாதிரி நிற்கிறது. உண்மையான பொன்னோ வெள்ளியோ வெண்கலமோ அதில் இல்லை. அளவுகள் மட்டும் வேதாகமம் சொன்னபடி.

உள்ளே நுழைந்ததும் எனக்குப் பட்டது, இது இவ்வளவு சிறியதா என்பதுதான். பிராகாரம் 100 முழ நீளம், 50 முழ அகலம். முழத்துக்கு 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் 45 மீட்டர் நீளம், இருபத்திரண்டரை மீட்டர் அகலம். அதற்குள் இருக்கும் வாசஸ்தலமோ 30 முழ நீளம், 10 முழ அகலம், 10 முழ உயரம். பதினாலு மீட்டர்கூட இல்லாத நீளம். எங்கள் ஊர்க் கோவில் இதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு ஜனம் முழுவதற்கும் நடுவில் இருந்தது இவ்வளவுதான்.

கிழக்கு வாசல் வழியாகப் போனால் பலிபீடம். அடுத்து, பெண்கள் கொடுத்த கண்ணாடிகளை வார்த்துச் செய்ததாகச் சொல்லப்படும் வெண்கலத் தொட்டி. உள்ளே ஏழு அகல்களுள்ள குத்துவிளக்கு, பன்னிரண்டு அப்பங்கள் அடுக்கிய மேசை, தூபபீடம். திரைச்சீலைக்கு அப்பால் உடன்படிக்கைப் பெட்டி. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். எங்கள் வீட்டுப் பழைய ட்ரங்குப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான்.

அம்மா அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்தாள். கேருபீன்களை அல்ல, பக்கவாட்டு வளையங்களில் செருகியிருந்த இரண்டு தண்டுகளை.

"தம்பி, இந்தக் கம்பு ரெண்டையும் எதுக்கு உருவாம விட்டிருக்காவ? இறக்கி வச்சப்புறம் எடுத்துற வேண்டியதுதான?"

எங்கள் குழுவோடு வந்த போதகர் விளக்கினார். பெட்டியின் தண்டுகளை ஒருபோதும் கழற்றக் கூடாது என்பது கட்டளை. கூடாரத்தின்மேல் தங்கும் மேகம் எழும்பினால் பாளயம் புறப்பட வேண்டும். அது இரண்டு நாளும் தங்கும், ஒரு மாதமும் தங்கும், ஒரு வருஷமும் தங்கும். எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. பிற்காலத்தில் சாலொமோன் கல்லால் ஆலயம் கட்டிப் பெட்டியை உள்ளே வைத்தபோதும் தண்டுகள் அதிலேயே இருந்தன. அவற்றின் முனைகள் சந்நிதிக்கு முன்னிருந்த பரிசுத்த ஸ்தலத்திலிருந்து தெரிந்தன என்று இராஜாக்களின் புத்தகம் சொல்கிறது. அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். யாத்திரைக்கு முந்தின வருஷம்தான் ஊரில் அப்பா கட்டிய வீட்டை விற்றோம். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல். பணி ஓய்வுப் பணத்தில்தான் சொந்தமாக ஒரு வீடு எழுந்தது. அதில் அவர் ஒன்பது வருஷம் இருந்தார். அவர் போனபின் அம்மா தனியாக இருக்க முடியாது என்று பிள்ளைகள் நாங்கள் கூடிப் பேசி முடிவெடுத்தோம். பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சென்னையில் என் வீட்டில் ஆறு மாதம், கோயம்புத்தூரில் தம்பி வீட்டில் ஆறு மாதம். "எல்லாரும் நல்லாத்தான் பாக்கிய. ஆனா நான் எந்த ஊர்க்காரின்னு கேட்டா என்ன சொல்ல?" என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா வாசலோடு நிற்கவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு மூலையில் அம்மா குனிந்து, மணலில் அடித்திருந்த முளையையும் அதிலிருந்து தூணுக்கு ஏறும் கயிற்றையும் தொட்டுப் பார்த்தாள். விரலால் கயிற்றைச் சுண்டினாள். விறைப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் சுண்டல்.

"இத யாரு சொமந்தா?" என்று கேட்டாள்.

அன்றிரவு விடுதியில் எண்ணாகமம் 4-ஆம், 7-ஆம் அதிகாரங்களை எடுத்து அவளுக்கு வாசித்தேன். சிறுவயதில் நான் தூங்கி வழிந்த அதே அதிகாரங்கள். லேவியரில் மூன்று வம்சம். கோகாத் வம்சத்தாருக்குப் பெட்டி, மேசை, குத்துவிளக்கு. அவற்றைத் தோளில்தான் சுமக்க வேண்டும், வண்டி கிடையாது. கெர்சோன் வம்சத்தாருக்குத் திரைகள், மூடுதுணிகள். அவர்களுக்கு இரண்டு வண்டி, நாலு மாடு. மெராரி வம்சத்தாருக்குப் பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள், முளைகள், கயிறுகள்; அவர்களுக்கு நாலு வண்டி, எட்டு மாடு. அந்த வேலைக்கு எண்ணப்பட்ட மெராரியர் 3,200 பேர்.

இரண்டு செய்திகளில் அன்று நான் நின்றுவிட்டேன். கோகாத்தியர் சுமந்த பொருள்களை அவர்கள் கண்ணால் பார்க்கக் கூடாது. ஆரோனும் அவன் பிள்ளைகளும் முதலில் எல்லாவற்றையும் மூடிக் கட்டிவிடுவார்கள். அதன் பிறகே கோகாத்தியர் வந்து தோள் கொடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பெட்டியைச் சுமந்தவர்களுக்குத் தெரிந்தது அதன் பாரம் மட்டும்தான். மற்றொன்று மெராரியரைப் பற்றியது. அவரவர் சுமக்க வேண்டிய பொருளைப் பேர்பேராகக் குறித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. பொன்விளக்குக்கு அப்படிச் சொல்லவில்லை. முளைக்கும் கயிற்றுக்கும்தான் சொல்லியிருக்கிறது. பெரிய பொருள் தொலைந்தால் எல்லாருக்கும் உடனே தெரிந்துவிடும். ஒரு முளை தொலைந்தால் அடுத்த பாளயத்தில் காற்று அடிக்கும் இரவில்தான் தெரியும் என்று நான் புரிந்துகொண்டேன்.

அம்மா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நம்ம மெராரி வம்சம்" என்றாள்.

எனக்குச் சட்டென்று ஒரு பழைய காட்சி எழுந்தது. அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் அவர் புத்தகங்களையும் சான்றிதழ்களையும் வேதாகமத்தையும் கட்டுவார். அம்மா கடைசி நாளில் கொல்லைப்புறம் போய், துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து வளையமாகச் சுற்றுவாள். அந்தக் கயிறு கட்டியிருந்த இரண்டு இரும்பு முளைகளையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சிடுவாள். புது ஊரில் லாரி நின்றதும் அவள் முதலில் செய்வது முளை அடிப்பது. அடுப்பு மூட்டுவதற்கு முன்பே கொல்லையில் கொடி ஏறிவிடும். என் பள்ளிச் சட்டை அதில் காயத் தொடங்கினால்தான் எனக்கு அது நம் வீடு. பதினொரு வீடுகள். அத்தனையிலும் அதே இரண்டு முளைகள்.

மறுநாள் காலை மீண்டும் திம்னாவுக்குப் போனோம், சாலொமோன் தூண்கள் என்று அழைக்கப்படும் செம்பாறைச் சுவர்களைப் பார்க்க. அது பழங்காலச் செப்புச் சுரங்கப் பகுதி. பாறையடியில் எகிப்தியர் தங்கள் ஹாத்தோர் தெய்வத்துக்கு ஒரு சிறிய கோவில் எழுப்பியிருந்தார்கள். 1969-இல் பெனோ ரோத்தன்பெர்க் என்ற தொல்லியல் அறிஞர் அதை அகழ்ந்தார். எகிப்தியர் போன பிறகு, மீதியானியர் என்று அவர் கருதிய மக்கள் அதே இடத்தில் வழிபட்டிருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமான கனத்த துணித் துண்டுகளும், கம்பு நட்ட குழிகளும் அங்கே கிடைத்தன. கூடாரமாக அமைத்த வழிபாட்டிடம் என்று அவர் முடிவு செய்தார். தலைக்குப் பொன் பூசிய ஒரு சிறிய செப்புப் பாம்பும் கிடைத்தது. மோசேயின் மாமனார் எத்திரோ மீதியானின் ஆசாரியன் என்பது எல்லாரும் அறிந்தது. இது ஆசரிப்புக் கூடாரத்துக்குச் சான்று ஆகாது. ஆனால் இந்த வனாந்தரத்தில் மனிதர்கள் கம்பையும் துணியையும் கொண்டுவந்து, நட்டு, விரித்து, அதற்குள் மண்டியிட்டிருக்கிறார்கள் என்பதை அந்தக் குழிகளின் அருகே நின்றபோது என்னால் உணர முடிந்தது.

அங்கிருந்து எருசலேமுக்கு ஏறும் நீண்ட பயணத்தில் ஒரு கேள்விதான் என்னோடு வந்தது. நமக்கு நிலையான இடம் எது? சாலொமோனின் ஆலயத்தைக் கி.மு. 586-இல் பாபிலோனியர் எரித்தார்கள். இரண்டாம் ஆலயத்தைக் கி.பி. 70-இல் ரோமர் இடித்தார்கள். அசையாது என்று நம்பிய கல் இரண்டு முறை சரிந்தது. அதற்கு முன்பே, கழற்றி மாட்டும்படியாக ஒரு வழிபாட்டிடம் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. அதன் அஸ்திவாரம் எது தெரியுமா? வெள்ளிப் பாதங்கள் நூறு, ஒவ்வொன்றும் ஒரு தாலந்து எடை. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 34 கிலோ. அந்த வெள்ளி, இருபது வயதுக்கு மேற்பட்ட 6,03,550 ஆண்கள் தலைக்கு அரைச் சேக்கலாகக் கொடுத்தது. காசுள்ளவனும் இல்லாதவனும் ஒரே அளவு. ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்றால், ஒவ்வொரு பாதத்திலும் ஆறாயிரம் பேரின் பங்கு. மீதி 3,550 பேருடைய வெள்ளியில் கொக்கிகளும் பூண்களும். ஒருவருடைய அரைச் சேக்கலும் கணக்கில் விட்டுப்போகவில்லை. பொன் பூசிய பலகைகள் அந்த வெள்ளியின்மேல் நின்றன. வெள்ளி வனாந்தரத்து மணலில் நின்றது.

வீடும் அப்படித்தான் நிற்கிறது என்று இப்போது நம்புகிறேன். அப்பாவின் சம்பளமும் படிப்பும் எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லும் கதைகள். அம்மாவின் முளைகளை யாரும் சொன்னதில்லை. அவள் சுமந்தது எங்கே போய் முடியும் என்று அவளுக்கும் தெரியாது. மூடிக் கட்டிய பாரத்துக்குத் தோள் கொடுத்த கோகாத்தியரைப்போல நடந்துகொண்டே இருந்தாள். விற்ற வீட்டைப் பற்றி எனக்கு இருந்த உறுத்தல் அன்று வேறொரு இடத்துக்கு நகர்ந்தது. சுவரையும் கூரையையும் விற்றது தவறில்லை, கூடாரங்கள் கழற்றப்படும். அவளுடைய பங்கு எது என்று அடுத்த பாளயத்தில் அவளுக்குப் பேர்சொல்லிக் கொடுக்காமல் விட்டதுதான் தவறு.

லேவியருக்கு இன்னொரு ஒழுங்கும் உண்டு. 50 வயதானால் சுமக்கும் வேலையிலிருந்து விடுதலை. ஆனால் கூடாரத்தை விட்டுப் போகச் சொல்லவில்லை. தங்கள் சகோதரரோடு இருந்து காவல் காக்க வேண்டும். பாரத்தை இறக்கிய பின்னும் இடம் இருக்கிறது. 76 வயது அம்மாவுக்கு நாங்கள் ஓய்வு கொடுத்தோம். கட்டில் கொடுத்தோம், மருந்து கொடுத்தோம், தொலைக்காட்சி கொடுத்தோம். காவலைக் கொடுக்கவில்லை. எங்கள் வீடுகளில் அவள் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தாள்.

சென்னைக்குத் திரும்பி இரண்டு நாள் கழித்து, மகள்தான் கேட்டாள்: "ஆச்சி, அந்த ரெண்டு முளையும் இப்ப எங்க இருக்கு?"

அம்மா எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் அதே துணிப்பை, அதே முடிச்சு. வீட்டைக் கிரயம் செய்துகொடுத்த அன்று காலையில் பிடுங்கி வந்திருக்கிறாள். இரண்டு மகன்களின் வீட்டுக்கும் ஆறு ஆறு மாதமாக அதைச் சுமந்துகொண்டு போய்வந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது.

"ஏம்மா இத்தன நாளா சொல்லல?" என்றேன்.

"எங்க அடிக்கணும்னு நீங்க யாரும் சொல்லலயே ஐயா."

எங்கள் அடுக்குமாடி வீட்டில் மண் கிடையாது. பால்கனியின் இரண்டு பக்கச் சுவரிலும் துளை போட்டு, சிமெண்ட் வைத்து அந்த முளைகளை இறுக்கினேன். உயரம் எவ்வளவு என்று அம்மா கையைத் தூக்கிக் காட்டினாள். சிமெண்ட் காய ஒருநாள் விட்டு, மறுநாள் கயிற்றை அவளே கட்டினாள். கட்டி முடித்து விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்து, "நாளையிலேந்து உன் யூனிபாரத்த எங்கிட்ட குடு" என்றாள்.