கொடுப்பவரின் நாணம்

தெரியாத ஒன்றை ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது உதவி, இதில் ஐயமில்லை. ஆனால் தெரிந்தவரையே அறியாதவர் என்று கருதிக்கொண்டு கற்பிக்கப் புகுந்தால் அதை என்னவென்று அழைப்பது? பழங்குடிச் சிறு விவசாயிகளுக்கு வேளாண் கல்வியும் தொழில்நுட்ப உதவியும் அளிக்கும் நற்பணியில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க இயலாது.

ஒடிசாவின் கோராபுட் பகுதியை எடுத்துக்கொள்வோம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் பரஜா, கதபா முதலிய மக்கள் தலைமுறை தலைமுறையாக நெல்லும் கேழ்வரகும் விளைவித்து வருகிறார்கள். 1950களின் பிற்பகுதியில் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்குள்ள ஜெய்ப்பூர் வட்டாரத்தில் (ராஜஸ்தானத்து நகரம் அன்று) ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைத் திரட்டினர். பெரும்பாலும் எழுத்தறியாத மக்கள் தேர்ந்து காத்த செல்வம் அது!

அத்தகைய ஊருக்கு ஓர் அலுவலர் குட்டை ரக விதையுடன் செல்வதாகக் கொள்வோம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதே அவருடைய அளவுகோல். விவசாயிக்கோ அளவுகோல்கள் பல. மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். கூரை வேய நீண்ட தாள் வேண்டும். சேமித்த தானியம் தீர்ந்துபோகும் மழைக்கால இறுதியில் மேட்டுநிலத்துக் குறுகிய கால நெல் கைக்கு வந்துசேர வேண்டும். மழை பொய்த்தாலும் ஏதேனும் ஒன்று பிழைக்கட்டும் என்றுதான் அவர் பல ரகங்களை விதைக்கிறார். இவற்றையெல்லாம் கேட்டறியாமல், ‘முன்னேற்றத்தை விரும்பாதவர்’ என்று அலுவலர் குறித்துக்கொண்டு திரும்பினால், அறியாமை யாரிடம் உள்ளது?

அப்படியானால் அவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிடலாமே என்பர் சிலர். வயிறு நிறைந்தவர்களுக்கு எளிதாக வரும் பேச்சு இது. நாட்டு நெல்லிலும் கலப்பு ஏறுகிறது, விளைச்சல் குறைகிறது. பழமையைப் போற்றுவதால் மட்டும் பசி ஆறுவதில்லை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜெய்ப்பூரில் வேறொரு வழியை மேற்கொண்டனர். காலாஜீரா என்னும் மணமிக்க நாட்டு நெல்லின் விதையைத் தூய்மைப்படுத்தி, திருந்திய நடவு முறையையும் பழைய முறையையும் விவசாயிகளின் வயலிலேயே அவர்களோடு சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தனர். ஏற்பதும் தள்ளுவதும் உழுபவரின் பொறுப்பாயிற்று. மறுக்கும் உரிமையற்ற மாணவனுக்குக் கிடைப்பது கல்வியன்று, ஆணையே.

தைத்திரீய உபநிடதம், கொடுப்பவர் சிரத்தையோடு மட்டுமன்றி நாணத்தோடும் கொடுக்க வேண்டும் என்கிறது. கூச வேண்டியவர் வாங்குபவர்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் தம் கையில் இருப்பது சிறிது, எதிரே நிற்பவரிடம் தமக்கு விளங்காதது பெரிது என்று உணர்ந்தவருக்கு நாணம் தானே வரும். நாட்டின் சட்டமும் இதை ஓரளவு ஒப்புக்கொண்டுள்ளது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, புதிய ரகத்தை உருவாக்கிய விவசாயியை விஞ்ஞானிக்கு நிகராக வைக்கிறது. மரபு ரகங்களைக் காத்தவர்களுக்கும் அங்கீகாரம் தருகிறது. ஏட்டில் உள்ள இந்த மரியாதை கிராமத்துப் பயிற்சிக் கூடங்களை இன்னும் முழுமையாக எட்டவில்லை என்பதே என் எண்ணம்.

கோராபுட்டின் பத்ராபுட் கிராமத்தைச் சேர்ந்த பரஜா பெண்மணி கமலா பூஜாரி நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு நெல் ரகங்களைக் காத்தவர். விதைகளைப் பற்றி மேற்சொன்ன நிறுவனத்தார் அவரிடம் கேட்டறிந்தனர். சில பாதுகாப்பு முறைகளை அவர் அவர்களிடம் கற்றார். பின்னர் ஊர் ஊராகச் சென்று இயற்கை உரத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2024-இல் மறைந்த இந்த அம்மையார் பள்ளி சென்று பயின்றவர் அல்லர். 2018-இல் ஒடிசா அரசு மாநிலத் திட்டக் குழுவில் அவரை உறுப்பினராக அமர்த்தியது.