அடுத்தவர் தலையெழுத்து

"என் வினை, நான் அனுபவிக்கிறேன்" என்று ஒருத்தி தன்னைப் பற்றிச் சொன்னால் அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. அதையே அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற உறவுக்காரர் "அவ வினை, அவ அனுபவிக்கிறா" என்று சொன்னால் பொறுக்க முடியாது. தீக்காய வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் இரண்டையும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஊழ், கர்மா, தலையெழுத்து எல்லாம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. டிரெஸ்ஸிங் மாற்றும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியவர்களின் குரலில் வந்தது.

ஓய்வுக்குப் பிறகு பெங்களூரு ஈஜிபுரா வீட்டில் நாவல்களோடு பொழுது போகிறது. சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் கிடைப்பதை வகை பார்க்காமல் வாங்கி வருகிறேன். அண்மையில் வாசித்ததில் ஒரு துப்பறியும் கதை, ஒரு அறிவியல் புனைவு, ஒரு கன்னடக் குடும்பக் கதை, இமையத்தின் நாவல் ஒன்று, தடிமனான ஒரு ருஷ்ய நாவல். ஒன்றுக்கொன்று உறவில்லாத இந்தப் புத்தகங்கள் எல்லாமே என்னை ஒரே கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தின. ஒருவர் துன்பப்படும்போது அதற்குக் காரணம் சொல்கிறோமே, அது யாருக்காக?

துப்பறியும் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்', 1934இல் வந்தது. நைட் டியூட்டி பார்த்த காலத்தில் இந்த வகைப் புத்தகங்கள்தான் எனக்குத் துணை. வார்டில் எதற்கும் விடை கிடைக்காது, இதில் கடைசிப் பக்கத்துக்குள் கண்டிப்பாகக் கிடைத்துவிடும். ஒரு குழந்தையைக் கடத்திக் கொன்றுவிட்டுச் சட்டத்திடமிருந்து தப்பியவனை, ரயிலில் 12 கத்திக் காயங்களோடு கண்டெடுக்கிறார்கள். செய்த வினை தேடி வந்துவிட்டது என்று மனம் ஒரு நொடி நிம்மதியாகிறது. ஆனால் அந்தக் குழந்தைக்கும் அதன் தாய்க்கும் இதனால் என்ன கிடைத்தது? கணக்கு நேரானது நமக்குத்தான். அந்த நிம்மதியை இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இமையத்தின் 'செல்லாத பணம்' அந்த மாதிரி நிம்மதி எதையும் தராது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். வீட்டை எதிர்த்து ஓர் ஆட்டோ ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்ட ரேவதி, தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். கதையின் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே நடக்கிறது. அப்பாவிடம் பணம் இருக்கிறது, கட்டுக்கட்டாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். வாங்கிக்கொண்டு மகளைத் திருப்பித் தர அங்கே யாரும் இல்லை. நான் அந்தக் கதவுக்கு உள்ளே நின்றவள், வெளிப்பக்கத்தை இந்த நாவலில்தான் முழுதாகப் பார்த்தேன். தீக்காயம் பட்டவர்களைப் பற்றி வெளியில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தாலும் முதல் ஒன்றிரண்டு நாட்கள் பலரும் தெளிவாகப் பேசுவார்கள். தண்ணீர் கேட்பார்கள், பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பார்கள். மாஜிஸ்ட்ரேட் வந்து மரண வாக்குமூலம் எழுதிக்கொண்டு போவார். துணி உடம்பில் படாமல் இருக்க வளைவுக் கம்பி வைத்து மேலே போர்த்தியிருப்போம். காது நன்றாகக் கேட்கும். அந்தக் காதில்தான் "பெத்தவங்க பேச்சைக் கேட்டிருந்தா இது வந்திருக்குமா" என்பது விழும்.

சொல்கிறவர்கள் கொடியவர்கள் இல்லை. பயந்தவர்கள். இவளுக்கு இது ஏன் வந்தது என்று தெரிந்துவிட்டால், தன் வீட்டுப் பெண்ணுக்கு வராது என்று நம்பலாம் அல்லவா? காரணம் சொல்வது தன் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிற வேலை.

நம் இலக்கியத்திலும் இது பழைய விஷயம். சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வருகிறது, நேரே முன்னால் வரத் துணியாமல் பின்பக்கமாக. கோவலன் ஏன் செத்தான் என்பதற்குக் காரணம் சொல்கிறது. முற்பிறவியில் அவன் கலிங்கத்தில் பரதன் என்ற பெயரில் இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்ல வைத்தான், அவன் மனைவி நீலி 14 நாள் அலைந்து மலையிலிருந்து விழுந்து செத்தாள், அவள் இட்ட சாபம் இது என்கிறது. பள்ளியில் படித்தபோது இதைக் கதையின் முடிச்சு அவிழ்கிற இடமாகச் சொல்லித் தந்தார்கள். இப்போது படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. தெய்வமே வந்து காரணம் சொல்லியும் கண்ணகி "அப்படியா" என்று அமைதியாகவில்லை. வளையல்களை உடைத்துப் போட்டுவிட்டு, கணவனைப் பார்க்காமல் உட்காரவும் மாட்டேன் நிற்கவும் மாட்டேன் என்று மேற்கு வாசல் வழியே நடக்கிறாள். காரணம் முழுக்கச் சரியாக இருக்கலாம், இளங்கோவே நம்பி எழுதியிருக்கலாம். அவள் காலை அது ஒரு கணம்கூட நிறுத்தவில்லை.

ஊழுக்குத் தனி அதிகாரம் வைத்த வள்ளுவர்கூட இரவச்சத்துக்கு வரும்போது மாறிவிடுகிறார். பிச்சை எடுத்துத்தான் சிலர் உயிர் வாழ வேண்டும் என்று விதித்திருந்தால், அப்படி உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் சிலையை நின்று பார்ப்பேன். 18 வருஷம் துணி போர்த்தி மூடி வைத்திருந்து 2009இல் திறந்த சிலை. ஊழைவிட வலியது எது என்று கேட்டவருக்கு, அடுத்தவன் பசியைப் பார்த்ததும் அந்த ஊழை எழுதியவன் மேலேயே கோபம் வந்திருக்கிறது. எனக்கு அந்தக் கோபம் பக்தியாகவே தெரிகிறது.

ருஷ்ய நாவல், தஸ்தயெவ்ஸ்கியின் 'கரமாஸவ் சகோதரர்கள்'. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இவானைத்தான் பேசுகிறார்கள். ஒரு குழந்தையின் கண்ணீர் மேல் கட்டிய சொர்க்கம் எனக்கு வேண்டாம், நுழைவுச் சீட்டைத் திருப்பித் தருகிறேன் என்பவன். பெரிய இடம்தான். எனக்கு அதற்கு வெகு முன்னாலேயே, துறவி ஸோசிமாவைப் பார்க்கக் கும்பலாக வந்த கிராமத்துப் பெண்களில் ஒருத்தி மனதில் தங்கிவிட்டாள். மூன்று வயது ஆவதற்குச் சில மாதம் இருக்கும்போது மகனைப் பறிகொடுத்தவள். வீட்டில் இருக்க முடியாமல் மடம் மடமாக நடந்துகொண்டிருக்கிறாள். ஸோசிமா முதலில் எல்லோரும் சொல்வதைச் சொல்கிறார், குழந்தை கடவுளிடம் இருக்கிறது, தேவதைகளோடு இருக்கிறது என்று. அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? என் புருஷனும் இதைத்தான் சொன்னார், எனக்கும் தெரியும், ஆனால் அவன் இங்கே என் பக்கத்தில் இல்லையே என்கிறாள். மடியிலிருந்து பையனின் சின்ன இடுப்புக் கச்சையை எடுத்துக் காட்டிவிட்டு உடைந்து அழுகிறாள். அப்போதுதான் ஸோசிமா விளக்கத்தை விடுகிறார். ஆறுதல் அடையாதே அம்மா, அழு, நீ ஆறுதல் அடைய வேண்டியதில்லை என்கிறார். குழந்தையின் பெயரைக் கேட்கிறார். அலெக்சி என்கிறாள்.

1878 மே மாதம் தஸ்தயெவ்ஸ்கியின் சொந்த மகன் அலெக்சி வலிப்பு வந்து இறந்தான். மூன்று வயது நிறையவில்லை. அடுத்த மாதமே அவர் ஆப்டினா மடத்துக்குப் போய் அம்புரோசி என்ற முதிய துறவியைப் பார்த்தார். அந்தத் தகப்பனின் கையிலிருந்துதான் இந்தப் பக்கங்கள் வந்தன. விளக்கம் முதலில் தோற்கட்டும், பிறகுதான் ஸோசிமாவுக்குச் சரியான சொல் வரட்டும் என்று அவர் எழுதியது கற்பனைத் திறனால் மட்டும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை நானும் போவேன். வீட்டில் முருகன் படம்தான், ஆனாலும் எங்கள் பக்கத்தில் இதெல்லாம் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கே மெழுகுவர்த்தி வாங்கும் கூட்டத்தில் பழகிய ஓர் அக்காதான் விவிலியத்தில் யோபுவின் கதையைப் படிக்கச் சொன்னார். யோபுவின் மூன்று நண்பர்களை எல்லோரும் குறை சொல்வார்கள். அவர்கள் முதலில் செய்ததை யாரும் சொல்வதில்லை. அவன் துக்கம் பெரிது என்று கண்டு ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று தொடங்குகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது, தன்னோடு சண்டை போட்ட யோபுவின் மேல் அல்ல, தனக்காக வக்காலத்து வாங்கிய இவர்கள் மேல்.

அப்படியானால் பேசாமல் இருந்தால் போதுமா? போதாது என்று எனக்குக் காட்டியது விவேக் ஷானபாக்கின் 'காச்சர் கோச்சர்'. 2013இல் கன்னடத்தில் வந்த சின்ன நாவல், நம் பெங்களூருவிலேயே நடப்பது. மசாலா வியாபாரத்தில் திடீரென்று பணம் பார்த்த குடும்பம். கதை சொல்கிறவனின் சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் வாசலுக்கு வருகிறாள், அவருக்குப் பிடிக்கும் என்று பருப்பு சமைத்து எடுத்துக்கொண்டு. வீட்டுப் பெண்கள் அவளை வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டுகிறார்கள். கதை சொல்கிறவன் எல்லாவற்றையும் பார்க்கிறான், ஒன்றும் சொல்லாமல் காபி ஹவுஸில் போய் உட்காருகிறான். இந்த மௌனமும் யோபுவின் நண்பர்கள் உட்கார்ந்த மௌனமும் ஒன்றாகுமா? அவர்கள் தரையில் இறங்கி உட்கார்ந்தார்கள். இவன் எழுந்து போய்விட்டான்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஈ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸ் இருந்தது. மாநகராட்சி ஏழைகளுக்குக் கட்டிக் கொடுத்த அடுக்கு வீடுகள். கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கிய பிறகு ஜனங்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். 2013 ஜனவரியில் அவற்றையும் இயந்திரம் வைத்து இடித்துத் தள்ளினார்கள். சுமார் 1,500 குடும்பங்கள், பலர் தலித்துகள், தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். நிலத்தில் ஒரு பகுதி வணிக வளாகத்துக்கு என்று ஒப்பந்தம். குளிர்காலம், பள்ளிக்கூட வருஷம் முடியவில்லை, பாத்திரமும் பாயும் பிள்ளைகளின் புத்தகப் பையும் நடைபாதையில். எங்கள் தெருவில் அன்று நான் கேட்டது, "பாவம், அவங்க தலையெழுத்து." அதைத் தலையில் எழுதவில்லை, காகிதத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள், தேதி இருந்தது. விதி என்று நாம் சொன்ன அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் விடுதலையாகிவிட்டார்கள். ஊழ் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு வேலை கொடுப்பதுதான் எனக்குப் பெரிய தெய்வ நிந்தனையாகப் படுகிறது.

அறிவியல் புனைவு என்று சொன்னது கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ', 2005. உறுப்புகளை எடுப்பதற்காகவே உருவாக்கி வளர்க்கப்படும் பிள்ளைகளின் கதை. உண்மையாகக் காதலிப்பவர்களுக்கு உறுப்பு எடுப்பதைச் சில வருஷம் தள்ளிவைப்பார்கள் என்று ஒரு வதந்தி. அதை நம்பிக் கேத்தியும் டாமியும் தேடிப் போன வீட்டில் அவர்களுடைய பழைய பள்ளியின் பொறுப்பாளர் இருக்கிறார். அவர் பொறுமையாக, அன்பாகக்கூட, எல்லாவற்றையும் விளக்குகிறார். அப்படி ஒன்று கிடையாது, உலகம் இப்படி ஆனதற்கு இன்ன இன்ன காரணம், உங்களுக்காக நாங்கள் எவ்வளவோ செய்தோம் என்று. திரும்பி வரும் வழியில் டாமி காரை நிறுத்தச் சொல்லி இருட்டில் இறங்கிப் போகிறான். சேற்று வயலில் நின்று கத்துகிறான். கேத்தி தடுமாறிக்கொண்டு போய் அவனை இறுகப் பிடித்துக்கொள்கிறாள், அவன் கத்தி ஓயும்வரை விடுவதில்லை. காரணம் சொன்னவர் ஒரு வீட்டில், பிடித்துக்கொண்டவள் ஒரு வயலில். அந்தப் பிடியை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வார்டில் ஆயாம்மா ஒருவர் இருந்தார், படிப்பு கிடையாது. நோயாளிக்குத் தொடக்கூடிய தோல் உள்ளங்கால் அளவுதான் மிஞ்சியிருந்தாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கர்மா என்ற நம்பிக்கையையே தூக்கி எறியச் சொல்கிறேனா என்று என் தங்கை கேட்டாள். இல்லை, எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. அதை நம்பி என்ன செய்கிறோம் என்பதில்தான் என் வழக்கு. மணிமேகலையைப் பாருங்கள், பிறவிக் கணக்கை அவளளவு அறிந்தவர் யார்? மணிபல்லவத்தில் தன் முற்பிறவியையே தெரிந்துகொண்டவள். அமுதசுரபியோடு ஊர் திரும்பி ஆதிரையிடம் முதல் பிச்சை வாங்கியதும் காயசண்டிகை தன் நோயைத் தீர்க்கச் சொல்லிக் கேட்கிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசி பிடித்தவள், எவ்வளவு போட்டாலும் வயிறு அடங்காதவள். அவள் பசிக்கு மிகத் தெளிவான காரணம் இருக்கிறது. விருச்சிக முனிவர் உண்ண வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டாள், அவர் 12 வருஷப் பசியைச் சாபமாகக் கொடுத்தார். அதை மணிமேகலை கேட்கவில்லை. ஒரு பிடி சோறு எடுத்து அவள் கையில் வைக்கிறாள். பசி தீர்ந்து கும்பிட்ட பிறகு, காயசண்டிகை தானாகவே தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறாள்.