பிரதிநிதி

ஸ்ரீ:

‘பிரதிநிதி’ என்னும் சொல் இக்காலத்தில் தேர்தல் சமயத்திலேதான் மிகுதியாகக் காதில் விழுகிறது. சட்டசபைகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அது வேள்விச்சாலையில் வழங்கிய சொல். ஒன்றன் ஸ்தானத்தில் நின்று அதன் காரியத்தைச் செய்வது எதுவோ அதுவே பிரதிநிதி. ‘ப்ரதி’ என்னும் சொல்லுக்குப் பாணினி முனிவர் கூறும் பொருள்களுள் இதுவும் ஒன்று. அர்ஜுனனுக்கு அபிமன்யுவும் வாஸுதேவனுக்குப் பிரத்யும்னனும் பிரதிநிதிகள் என உரைகாரர்கள் உதாரணம் காட்டுவர்.

ஜைமினி மஹரிஷி மீமாம்ஸா சாஸ்திரத்தின் 6ஆம் அத்தியாயத்தில் இதனை விரிவாக ஆராய்கிறார். யாகத்திற்கு விதித்த நெல் கிட்டாதபோது, தொடங்கிய கர்மாவை நிறுத்தலாகாது; அதனை ஒத்த நீவாரம் என்னும் காட்டுநெல்லைக் கொள்ளலாம். ஸோமக்கொடி கிடையாவிடில் பூதீகத்தைக் கொள்க என்பது வேதவிதி. ஆயினும் விலக்கப்பட்ட பொருள் பிரதிநிதி ஆகாது. தேவதை, அக்னி, மந்திரம் ஆகியவற்றுக்கும் பிரதிநிதி கிடையாது. ரித்விக்குகள் பலர் கூடிச் செய்தாலும், ஸங்கல்பம் செய்து பலனைப் பெறும் யஜமானனுக்கும் பிரதிநிதி இல்லை.

ஸ்ரீராமாயணத்தில் அச்வமேதம் செய்த சக்கரவர்த்தித் திருமகன், பிராட்டியின் ஸ்தானத்தில் பொன்னாலான ஸீதையையே வைத்தார், வேறொருத்தியை மணக்கவில்லை. நந்திக்கிராமத்தில் பரதாழ்வான் 14 ஆண்டுகள் பாதுகைகளை முன்னிட்டு ராஜ்யத்தைக் காத்தார்; எக்காரியத்தையும் அவற்றிடம் விண்ணப்பித்த பின்னரே செய்தார். அப்பாதுகைகளின் பெருமையையே ஸ்வாமி தேசிகன் 1008 சுலோகங்களால் பாடினார். ஸந்நிதியில் நம் சிரஸில் சாற்றப்படும் ஸ்ரீசடாரியும் அத்திருவடிகளே. உரியவரை ஒருகணமும் மறக்கவொட்டாமல் நினைப்பூட்டுவதே பிரதிநிதியின் லக்ஷணம் என்பது இவற்றால் விளங்கும்.

காவேரியும் பவானியும், கண்ணுக்குப் புலப்படாத அமுத நதியும் கூடும் பவானிக் கூடுதுறையில் இச்சொல்லின் பொருளை நாள்தோறும் காணலாம். பித்ருக்களின் ஸ்தானத்தில் தர்ப்பைக் கூர்ச்சம் அமர்கிறது. பூஜையில் வஸ்திரம் இல்லாதவர் அக்ஷதையை ஸமர்ப்பிக்கிறார். வரவியலாதவர் பொருட்டுத் தர்ப்பையால் உருவம் செய்து தீர்த்தத்தில் மூழ்குவிக்கவும் ஸ்மிருதி இடமளிக்கிறது. ஆனால் அவருக்குக் கிட்டுவது எட்டில் ஒரு பங்கே என்றும் அதுவே சொல்கிறது.

நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் சாஸ்திரம் காட்டும் கருணை இது. உடல்வலி உள்ளவர் அதனைச் சாக்காகக் கொள்ளலாகாது. தக்ஷிணையைக் கொடுத்துவிட்டுக் கரையில் ஊர்க்கதை பேசியிருப்பவருக்காகப் புரோஹிதர் மந்திரம் சொல்லலாம். தாய்தந்தையரை அவருக்காக நினைக்க எவராலும் இயலாது. எள்ளும் நீரும் இறைக்கும் அந்தச் சிறுபொழுதேனும் பெற்றோரின் முகம் நெஞ்சில் நிற்க வேண்டும்.

கூடுதுறையில் நீராடி, ஸங்கமேச்வரர் ஆலய வளாகத்திலேயே ஸௌந்தரவல்லித் தாயாரோடு எழுந்தருளியிருக்கும் ஆதிகேசவப் பெருமாளை ஸேவிக்கும் அன்பர்கள் இதனை மனத்திற்கொள்வாராக. பூவுக்கு மாற்றாகத் துளசி போதும். துளசியும் இல்லையேல் தீர்த்தம் போதும். பக்திக்கு மாற்று ஏதுமில்லை.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.