பொறுமையும் பொறுத்துப் போவதும்

பொறுமையைப் பற்றி நம்மவர்கள் சொல்லாத அறிவுரை இல்லை. ஆனால் அந்த அறிவுரை பெரும்பாலும் யாரைத் தேடிப் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? புக்ககத்தில் அல்லற்படும் பெண்ணை. கூலி போதாத உழைப்பாளியை. எதிர்த்துப் பேச முடியாத எளியவனை. "கொஞ்சம் பொறுத்துப் போ" என்கிறோம். எந்தத் துன்பத்தைப் பொறுப்பது, எதை விட்டு எழுந்து வந்துவிடுவது என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. அதற்கு ஓரளவு விளக்கம் நான் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அது யின் யோகம் என்னும் பயிற்சி.

சீனத்துத் தாவோ நெறியினர் உலகத்தை யின், யாங் என்ற இரு தன்மைகளாகக் காண்பார்கள். நிழலும் குளிர்ச்சியும் அமைதியும் யின். வெளிச்சமும் வெப்பமும் இயக்கமும் யாங். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பாலி ஜிங்க் என்ற தற்காப்புக் கலை ஆசிரியர், அசையாமல் நெடுநேரம் இருக்கும் ஆசனங்களைத் தாவோ முறையில் கற்பிக்கத் தொடங்கினார். பின்னால் பால் கிரில்லி அதற்கு உடற்கூற்று விளக்கம் தந்தார். சாரா பவர்ஸ் பௌத்தத் தியானத்தின் விழிப்பை அதனோடு சேர்த்தார்.

கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது நமக்குத் தெரிந்த பச்சிமோத்தானாசனந்தான். யின் யோகத்தில் அதற்குக் கம்பளிப்பூச்சி என்று பெயர். இங்கே கால் விரலை எட்டிப் பிடிக்கும் போட்டி இல்லை. முதுகு தானே வளையட்டும் என்று தசைகளைத் தளர்த்திவிட்டு, மூன்று முதல் ஐந்து நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். தசை விட்டுக் கொடுத்தால் இழுப்பு மெல்ல ஆழத்திலுள்ள இணைப்புத் திசுக்களைச் சேரும் என்பதே இதன் அடிப்படை. இடுப்பின் இறுக்கம் குறைகிறது, மூச்சு நிதானப்படுகிறது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற என் போன்றவர்களுக்கு இது சிறிய லாபமன்று.

மனத்தின் கதை வேறு. முதல் நிமிஷம் சுகமாகப் போகும். இரண்டாவது நிமிஷத்தில் அது முரண்டு பிடிக்கும். அடுப்பில் வைத்த பால், பதில் எழுதாத கடிதம் என்று எழுந்திருக்க ஆயிரம் காரணம் சொல்லும். தொடையின் பின்புறத்தில் மந்தமாக ஒரு வலி. அதை விரட்டாமலும் வளர்க்காமலும் பார்த்துக் கொண்டிருப்பதுதான் பயிற்சி. சற்றுப் பொறுத்தால் வலி வேறு, வலியைப் பற்றிய புலம்பல் வேறு என்று தெரியும். 1979-ல் ஜான் கபட்-ஜின், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாட்பட்ட நோயாளிகளுக்கு விழிப்புத் தியானம் கற்பிக்கத் தொடங்கியதும் இத்தகைய தெளிவை நாடித்தான்.

இவ்வளவு பொறுமையைக் கேட்கும் இதே பயிற்சி, இன்னொரு கட்டளையும் இடுகிறது. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, மின்சாரம் பாய்ந்தாற்போல் வலித்தாலோ, கால் மரத்துப் போனாலோ உடனே வெளியே வந்துவிட வேண்டும். அதைத் தாங்கிக் கொள்வது வீரமல்ல, காயம். இந்த எல்லையை ஆசிரியர் வெளியே நின்று சொல்லிவிட முடியாது. உடம்புக்கு உரியவருக்கே தெரியும்.

'ஆசனத்தில் வரும் வலியும் வாழ்க்கையில் வரும் துன்பமும் ஒன்றா?' என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றல்ல. ஆசனத்தில் நானாகப் போய் உட்கார்கிறேன். நினைத்த கணம் எழுந்து விடுகிறேன். அந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் என் பொறுமைக்கு மதிப்பு. வாழ்க்கையில் பலருக்கு எழுந்து போகக் கதவே இல்லை. கதவை அடைத்துவிட்டு உள்ளே இருப்பவரின் பொறுமையைப் புகழ்வது அறமாகாது.

ஆகவே பிறரிடம் பொறுமையைப் பேசுமுன் இரண்டு கேள்விகள் கேட்கலாம் என்று தோன்றுகிறது. அவருக்கு எங்கே, எப்படி வலிக்கிறது என்று அவரையே கேட்டோமா? அவர் எழுந்து போக விரும்பினால் வழி இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் கதவைத் திறந்து விடுவோம். பொறுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு அவரே தீர்மானிக்கட்டும்.