பெயர் யாருக்கு?

செய்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். கூடவே நின்று செய்தவர்கள் மண்ணுக்குள் போய், அவர்களுக்குரிய பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டால்? அப்போதும் வாயை மூடிக்கொண்டிருப்பது அடக்கம்தானா? வில்லியம் லீக்கை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

1815 ஜூன் 18, வாட்டர்லூ. பிரிட்டனின் 52-ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டில் அப்போதுதான் சேர்ந்திருந்த இளம் அதிகாரி லீக்குக்கு வயது 17. கையில் ரெஜிமென்ட்டின் கொடி. மாலையில் நெப்போலியனின் மெய்க்காவல் படை மேடேறி வந்தது. 52-ஐ நடத்திய கோல்போர்ன் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தன் வரிசையை இடப்பக்கம் திருப்பி, அந்தப் படையின் விலாவில் மோதினார். அது நிலைகுலைந்து ஓடியது. புகழ் போனதோ, எதிரே நின்று சுட்ட பிரிட்டனின் முதலாம் காவல் ரெஜிமென்ட்டுக்கு. அடுத்த மாதமே ‘கிரெனடியர்’ என்ற பட்டமும் அதற்குக் கிடைத்தது.

லீக் பின்னாளில் பாதிரியார் ஆனார். கோல்போர்ன் 1863-இல் இறந்தார். 1866-இல், போர் முடிந்து 51 ஆண்டுகள் கழித்து, வாட்டர்லூவில் தன் ரெஜிமென்ட் செய்ததை லீக் புத்தகமாகக் கொண்டுவந்தார். 52 தனித்தே வென்றது என்று தலைப்புப் பக்கத்திலேயே உரிமை கோரினார்.

‘தனித்தே’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காவல் ரெஜிமென்ட்டும் அங்கே ரத்தம் சிந்தியது. ஒருவருக்கு நியாயம் கேட்கப் போய் இன்னொருவரின் பங்கை அழிப்பதும் அநியாயமே. இருந்தும் லீக்கை நான் நம்புகிறேன். அதற்குக் காரணம் ஒரு பூனைக்குட்டி.

எதிர்த்துச் சுட வழியில்லாமல், பீரங்கிக் குண்டுகளை வாங்கிக்கொண்டு 52 சதுர அணியில் நின்ற நேரம். அருகே ஒரு பூனைக்குட்டி செத்துக் கிடந்ததாம். ஹூகூமோன் பண்ணையிலிருந்து மிரண்டு ஓடிவந்திருக்கும் என்று லீக் எண்ணியிருக்கிறார். அதைப் பார்த்ததும் ஊரில் இருப்பவர்களின் நினைப்பு வந்ததாம். ரெஜிமென்ட்டுக்கு இதனால் ஒரு துளிப் பெருமையும் இல்லை. வாதத்துக்கும் உதவாது. ஆனாலும் எழுதினார். கண்ட சின்னதைக்கூட விடாதவர், பெரியதைப் பொய்யாகச் சொல்லியிருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. கோபத்தில் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

எழுபதைத் தாண்டிய பிறகு, 1871-இல், ஓர் இணைப்பு நூலும் எழுதினார். தனக்கென்று கேட்டிருந்தால் ஒருமுறை கேட்டு ஓய்ந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.